விண்மீன் மண்டலங்களைப் படமெடுக்க வண்ணப் பிலிம்: தேர்வுக்குரிய அளவுகோல் எது?

ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் வண்ணப்படம் இன்று பள்ளிப் பாடநூல்களிலும் சுவர்ப்படங்களிலும் பரவலாகக் காணப்படுகிறது. நடுவே மஞ்சள் ஒளி, சுற்றிச் சுழலும் கரங்களில் நீலம், அவற்றின் இடையிடையே இளஞ்சிவப்புப் புள்ளிகள் என்று அப்படம் கண்ணைக் கவர்கிறது. அதே மண்டலத்தைத் தொலைநோக்கியின் வழியே முதன்முதலாகப் பார்க்கும் மாணவனுக்கோ சாம்பல் நிறப் புகைத்திட்டு ஒன்றே தென்படுகிறது. “படத்தில் உள்ள நிறம் எங்கே?” என்று அவன் கேட்பது இயல்பு. இக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு ஆசிரியருடையது. விடையின் பெரும்பகுதி வானத்தில் இல்லை. படமெடுக்கப் பயன்பட்ட பிலிமில் இருக்கிறது.

வண்ணப் பிலிமைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் இரண்டையே நோக்குகின்றனர். ஒன்று, பெட்டியின்மேல் அச்சிடப்பட்டுள்ள வேக எண். மற்றொன்று, நிறங்களின் பகட்டு. விண்மீன் மண்டலங்களைப் பொறுத்தவரை இவ்விரண்டுமே தவறான அளவுகோல்கள். செந்நிற ஒளியில் அப்பிலிமுக்குள்ள உணர்வு, பத்தாவது நிமிடத்தில் அது நடந்துகொள்ளும் விதம், படத்துடன் எழுதி வைக்கப்படும் குறிப்பு ஆகிய மூன்றுமே சரியான அளவுகோல்கள். இவற்றைப் புறக்கணித்து எடுக்கப்படும் படம் அழகாக இருக்கலாம். பாடமாக இருக்க இயலாது.

சயானில் எழும் கேள்வி

மும்பையின் சயான், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தமிழ்வழிக் கல்வி அளித்த மாநகராட்சிப் பள்ளிகளும், தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் கல்லூரியும் இவ்வட்டாரத்துக்கு உரியவை. வான ஆர்வலர் அமைப்பாகிய ககோல் மண்டலும் இங்கேதான் வேரூன்றியது. 1986-ஆம் ஆண்டில் ஹாலி வால்மீன் வந்துசென்ற காலத்தையொட்டித் தோன்றிய அவ்வமைப்பு, சயானிலுள்ள சாதனா வித்யாலயத்தைத் தன் கூடுமிடமாகக் கொண்டு வளர்ந்தது. அதன் இரவு வான்காட்சி நிகழ்ச்சிகள் கர்ஜத் ரயில் பாதையில் பத்லாப்பூருக்கும் நேரலுக்கும் இடையிலுள்ள வாங்கணியில் நடைபெற்று வந்துள்ளன.

இந்த இடமாற்றத்துக்குக் காரணம் வெளிப்படை. சயானின் தெருவிளக்குகளும் கட்டடங்களின் ஒளியும் ரயில் நிலைய விளக்குகளும் வானத்தை வெளுக்கச் செய்கின்றன. விண்மீன் மண்டலத்தின் மங்கிய ஒளி பிலிமில் பதிவதற்கு முன்னரே வானத்தின் ஒளி பிலிமை நிரப்பிவிடும். எவ்வளவு உயர்ந்த பிலிமும் இருண்ட வானத்துக்கு ஈடாகாது. ஆகவே படமெடுக்க விரும்பும் ஆசிரியர் முதலில் வாங்க வேண்டியது பிலிம் அன்று; ரயில் பயணச்சீட்டு.

கண்ணும் பிலிமும்

மங்கிய ஒளியில் மனிதக் கண்ணின் நிறமறியும் உறுப்புகள் செயலற்றுவிடுகின்றன. அப்போது பணிபுரியும் உறுப்புகள் 5,070 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தை ஒட்டிய ஒளிக்கே மிகுதியாக இணங்குகின்றன; செந்நிறத்துக்கு ஏறத்தாழக் குருடாக உள்ளன. கண்ணால் ஒளியைச் சேமித்து வைக்கவும் இயலாது. பிலிம் அவ்வாறன்று. விழும் ஒளியை நிமிடக் கணக்கில் சேர்த்துக்கொண்டே செல்லும். வண்ணப் பிலிமில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளைத் தனித்தனியே ஏற்கும் மூன்று பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன.

மண்டலத்தின் நிறங்கள் பொருளற்றவை அல்ல. கரங்களின் நீலம், வெப்பம் மிக்க இளம் விண்மீன்களின் ஒளி. நடுப்பகுதியின் மஞ்சள், வயது முதிர்ந்த விண்மீன்களின் ஒளி. கரங்களில் காணும் சிவப்புத் திட்டுகள், புதிய விண்மீன்கள் பிறக்கும் ஹைட்ரஜன் மேகங்கள். அவை 6,563 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் வலிமையாக ஒளிர்கின்றன. இந்த ஓர் எண்ணை மனத்தில் கொண்டால் பிலிம் தேர்வு பாதி முடிந்ததாகும். ஒரு பிலிமின் சிவப்புப் பூச்சு இவ்வலைநீளத்துக்கு முன்னரே உணர்வை இழந்துவிடுமாயின், விண்மீன்கள் பிறக்கும் இடங்கள் படத்தில் இல்லாமலே போய்விடும். படத்தைப் பார்க்கும் மாணவன் அவை வானத்திலேயே இல்லையென்று கருதுவான். தயாரிப்பாளர் வெளியிடும் தகவல் ஏட்டில் உள்ள நிறவுணர்வு வரைபடத்தைப் பார்த்து இதனை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

பூச்சு எதனை உணர்கிறதோ அதுவே படமாகும் என்பதற்கு வரலாற்றில் சிறந்த சான்று உண்டு. 1861-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் நாடா ஒன்றின் வண்ணப்படத்தை மூன்று வடிகட்டிகளின் வாயிலாக உருவாக்கிக் காட்டினார். அக்காலத்துத் தட்டுகளுக்குச் செந்நிறத்தை உணரும் ஆற்றல் இல்லை. அவ்வாறிருந்தும் சிவப்பு பதிந்தது எங்ஙனம்? நாடாவின் சிவப்புச் சாயம் புறஊதாக் கதிர்களையும் எதிரொளித்தது. சிவப்பு வடிகட்டி அவற்றையும் கடத்தியது. தட்டு பதிவு செய்தது அந்தக் கதிர்களையே. நூறு ஆண்டுகள் கழித்து, 1961-ஆம் ஆண்டில்தான் இது விளக்கப்பட்டது. பார்ப்பதற்குச் சரியாகத் தோன்றிய நிறம், தவறான காரணத்தால் விளைந்திருந்தது.

வேக எண் தரும் மயக்கம்

பகல் வெளிச்சத்தில் ஒளியின் அளவைப் பாதியாக்கி நேரத்தை இருமடங்காக்கினால் படத்தில் மாற்றம் இராது. மிக மங்கிய ஒளியில் இவ்விதி பொய்த்துவிடுகிறது. வானியலறிஞர் கார்ல் ஷ்வார்ஷில்ட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை ஆராய்ந்து, நேரத்தை ஓர் அடுக்குக்குறியோடு கணக்கிட வேண்டும் என்று காட்டினார். பிலிம் நீண்ட நேரத்தில் சோர்வடைகிறது என்று இதனை எளிமையாகக் கூறலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டலாம். அடுக்குக்குறி 0.8 எனக் கொண்டால், 3,600 வினாடி திறந்துவைத்த பிலிம் ஏறத்தாழ 700 வினாடிக்குரிய பயனையே தரும். அதே பிலிமின் மற்றொரு பூச்சின் அடுக்குக்குறி 0.9 என்றால், அப்பூச்சுக்கு ஏறத்தாழ 1,590 வினாடிக்குரிய பயன் கிட்டும். ஒரு பூச்சு மற்றதைவிட இருமடங்குக்கு மேல் பதிந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் இச்சோர்வு படத்தை மங்கலாக்குவதோடு நிற்கும். வண்ணப் பிலிமிலோ வானம் முழுவதும் பச்சையாகவோ சிவப்பாகவோ மாறிவிடும். எனவே 400 என்ற எண் தாங்கிய பிலிம் அரை மணி நேரத்துக்குப் பின் 100 என்ற எண் தாங்கியதைவிடப் பின்தங்கிப் போவதும் உண்டு.

இரண்டு புஜி பிலிம்களை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். நிறச்செறிவுக்குப் பெயர்பெற்ற வெல்வியா 50 பிலிமுக்கு, 4 வினாடியிலேயே திருத்தம் தேவையென்று அதன் தகவல் ஏடு கூறுகிறது. 32 வினாடிக்கு ஒளியை இருமடங்காக்குவதுடன், பச்சைச் சாயலைப் போக்க மெஜந்தா வடிகட்டியும் இட வேண்டும். 64 வினாடிக்கு அதனைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. புரோவியா 100எப் பிலிமுக்கோ 128 வினாடி வரை எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை. 4 நிமிடத்துக்கும் ஏறத்தாழக் கால் பங்கு கூடுதல் ஒளியும் மென்மையான வடிகட்டியும் போதும். மலர்களையும் மலைகளையும் படமெடுப்போர் போற்றும் பிலிம், விண்மீன் மண்டலத்துக்கு முற்றும் பொருந்தாததாக இருப்பது இங்கே தெளிவாகிறது.

முன்னோடிகள் காட்டிய வழி

அமெரிக்காவின் பாலமார் வானாய்வு நிலையத்தில் வில்லியம் மில்லர் என்ற ஒளிப்படக் கலைஞர், சூப்பர் ஆன்ஸ்கோக்ரோம் என்ற 100 வேகமுள்ள பிலிமைக் கொண்டு ஆண்ட்ரோமீடா முதலியவற்றை வண்ணத்தில் எடுத்தார். 1959-ஆம் ஆண்டில் வெளியான அப்படங்கள் உலகை வியக்கச் செய்தன. அவ்வெற்றிக்கு 200 அங்குலத் தொலைநோக்கி மட்டும் காரணமன்று. நீண்ட நேரத்தில் அப்பிலிமின் நிறச்சமநிலை எவ்வாறு பிறழ்கிறது என்று அவர் சோதித்தறிந்து, அதற்கேற்பத் திருத்தம் செய்தார். சோதனையே அவருடைய முதற்கருவி.

ஆஸ்திரேலியாவின் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வு நிலையத்தில் டேவிட் மேலின் வேறு வழியை மேற்கொண்டார். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளில் தனித்தனியே மூன்று கறுப்பு வெள்ளைத் தட்டுகளை எடுத்து, பின்னர் ஒன்றாக இணைத்து வண்ணப்படம் ஆக்கினார். தட்டுகளை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் முன்கூட்டியே பதப்படுத்தி, அவற்றின் சோர்வைக் குறைக்கும் முறையும் அக்காலத்தில் கையாளப்பட்டது. செந்நிற உணர்வு மிக்க கோடாக் டெக்னிக்கல் பான் பிலிமை ஆர்வலர் பலர் இவ்வாறே பதப்படுத்திப் பயன்படுத்தினர். அப்பிலிமின் உற்பத்தி நிறுத்தப்படுவதாக 2004-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

வண்ணப் பிலிம்களில் கோடாக் எக்டாக்ரோம் இ200, செந்நிற உணர்வுக்காகவும் நீண்ட நேரத்தில் தளராமைக்காகவும் ஆர்வலரிடையே நன்மதிப்புப் பெற்றிருந்தது. 2012-ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் ஸ்லைடு பிலிம் தயாரிப்பையே கைவிட்டது. 2018-ஆம் ஆண்டில் எக்டாக்ரோம் இ100 என்ற வகையை மீண்டும் சந்தைக்குக் கொணர்ந்தது. இன்று தேர்வுக்குரியவை மிகச் சிலவே. விலையும் உயர்ந்துள்ளது. ஒரு சுருளை வீணாக்குவது பள்ளிக்கு இழப்பு என்பதாலேயே தேர்வு முறை முன்னைவிட முக்கியமாகிறது.

தேர்வும் செயல்முறையும்

ஆசிரியர்க்கு ஏற்றது நெகட்டிவ் அன்று, ஸ்லைடு பிலிமே. நெகட்டிவிலிருந்து படி எடுக்கும் இயந்திரம், கறுத்த வானத்தைப் பிழையென்று கருதிச் சாம்பல் நிறமாக்கிவிடும். நிறமும் இயந்திரத்தின் விருப்பப்படி அமையும். ஸ்லைடில் பிலிம் ஏற்றது எதுவோ அதுவே திரையில் தோன்றும். இடையில் வேறு கை புகுவதில்லை.

தொலைநோக்கியின் விட்டம் பெரிதாயின் மண்டலம் விரைவில் பதியும் என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. பரப்புள்ள பொருளின் ஒளிச்செறிவை முடிவு செய்வது குவியத் தொலைவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமே. எப்/8 கருவியில் ஒரு மணி நேரம் பிடிப்பது, எப்/4 கருவியில் கால் மணி நேரத்தில் முடியும். பிலிமின் சோர்வைக் கணக்கிட்டால் ஆதாயம் இன்னும் மிகுதி. ஆண்ட்ரோமீடா வானில் 3 பாகை நீளம், அதாவது ஆறு முழுநிலவுகளின் அகலம், பரந்திருக்கிறது. 500 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள டெலிபோட்டோ லென்ஸ் 35 மில்லிமீட்டர் பிலிமில் அதனை ஏறக்குறைய முழுமையாக அடக்கும். பெரிய தொலைநோக்கியில் நடுப்பகுதி மட்டுமே கிட்டும்.

மும்பையின் அட்சரேகை 19 பாகை. வானத்தின் சுழற்சியைத் தொடரும் தாங்கியின் அச்சை வடக்கே அத்தனை பாகை உயர்த்தி நிறுத்த வேண்டும். ஆண்ட்ரோமீடா உச்சிகடக்கும்போது வடவானில் ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் நிற்கும். மழைக்காலம் ஓய்ந்தபின், நவம்பர், டிசம்பர் மாதங்களின் நிலவற்ற முன்னிரவு தகுந்த வேளை. வாங்கணியிலிருந்து நோக்கினால் மாநகரின் ஒளி மேற்கே எழுவதால், மண்டலம் மேற்கே சாய்வதற்கு முன்னர் பணியை முடித்துவிட வேண்டும். பேட்டரியின்றி இயங்கும் பழைய காமிராவே இப்பணிக்குச் சிறந்தது; நெடுநேரம் திறந்துவைத்தாலும் அது நின்றுவிடாது.

ஒரே இரவில் ஒரே பொருளை 5, 10, 20, 40 நிமிடங்களுக்கு எடுத்து ஒப்பிடுவதே முறையான சோதனை. சுருளின் முதற்படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துவிட வேண்டும். இரவுப் படங்களில் விளிம்பு தெரியாமையால், சலவைக்கூடத்தார் படத்தின் நடுவே வெட்டிவிடக்கூடும். பகற்படம் அவர்களுக்கு வழிகாட்டும். சுருளை வெட்டாமல் தருமாறு எழுதிக் கொடுப்பது அதனினும் நன்று. பம்பாய்க் காற்றின் வெப்பமும் ஈரமும் பிலிமுக்குப் பகை. முத்திரை பிரிக்காத சுருளைக் குளிர்பெட்டியில் வைத்து, வெளியே எடுத்தபின் அறையின் வெப்பத்தை அடையும்வரை காத்திருந்து பிரித்தல் வேண்டும். எடுத்த சுருளை நாள்தாழ்த்தாமல் சலவைக்கு அனுப்புதலும் அவசியம்.

எண்முறைக் காமிரா இருக்கப் பிலிம் எதற்கு?

இவ்வினா நியாயமானதே. வானாய்வு நிலையங்கள் பிலிமைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மின்னணுக் கருவி பிலிமைவிடப் பன்மடங்கு நுண்ணுணர்வு கொண்டது, செலவும் குறைவு. வழக்கமான பணிக்கு அதுவே போதும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கே கூறப்பட்ட நெறிகள் பிலிமோடு மறைந்துவிடவில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண எண்முறைக் காமிராவினுள் அமைந்த வடிகட்டி 6,563 ஆங்ஸ்ட்ராம் ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பொருந்தாத பிலிமில் மறைந்த அதே ஹைட்ரஜன் மேகங்கள் இங்கும் மறைகின்றன. பின்னர் கணினியில் நிறம் ஏற்றும்போது, எது வானத்தினுடையது, எது எடுத்தவரின் விருப்பம் என்று பிரித்தறிவது பிலிம் காலத்தைவிடக் கடினமாகிவிட்டது. ஸ்லைடு ஒன்றையும் எண்முறைப் படம் ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டும் ஆசிரியர், நிறம் எவ்வாறு பிறக்கிறது என்பதை எளிதில் விளக்கிவிடலாம். அதற்காகவேனும் ஒரு சுருள் செலவிடத் தக்கதே.

இதனோடு மற்றொரு கடமையும் உண்டு. ஹாலி வால்மீன் வந்த 1986-ஆம் ஆண்டிலும், ஹியாகுதாகே, ஹேல்-பாப் வால்மீன்கள் வந்த 1996, 1997-ஆம் ஆண்டுகளிலும் எடுக்கப்பட்ட ஸ்லைடுகள் எத்தனையோ அலமாரிகளில் கிடக்கின்றன. வண்ணச் சாயம் காலத்தால் வெளுப்பது. ஈரத்தில் பூஞ்சை பற்றுவது. கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்றும் ஆராய்ச்சிக்குப் பயன்படுவதற்கு, அவை வெள்ளி உருவங்களாக நிலைத்திருப்பது ஒரு காரணம். ஒவ்வொன்றும் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருப்பது மற்றொரு காரணம். வைணு பாப்பு 1949-ஆம் ஆண்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்ததும், ஹார்வர்டு நிலையத்தில் எடுத்த ஒளிப்படத் தட்டில்தான். தேடாத ஒன்றும் பதிவில் அகப்படலாம். ஆனால் எப்போது, எங்கே, எவ்வாறு எடுத்தது என்ற குறிப்பில்லாத படத்தில் அகப்பட்டது யாருக்கும் பயன்படாது.

களப்பணியாளர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். மண்ணின் நிறத்தை நினைவிலிருந்து எழுதாமல் மன்சல் நிற அட்டையோடு ஒப்பிட்டு எழுதுவது மண்ணாய்வாளர் வழக்கம். பயிர் நோயையோ பாறையையோ வண்ணத்தில் எடுப்பவரும் நிற அட்டை ஒன்றைப் பொருளின் அருகில் வைத்தெடுத்தால், அப்படம் சான்றாகும். இல்லையேல் வெறும் தோற்றமே.

ஆகவே செய்யவேண்டியவை எளியவை. வண்ணப்படம் ஒவ்வொன்றின் சட்டத்திலும் பிலிமின் பெயர், கருவியின் விகிதம், ஒளி விழவிட்ட நேரம், வடிகட்டி, இடம், நாள், சலவை முறை ஆகியன எழுதப்பட வேண்டும். எண்முறைப் படமாயின், நிறம் திருத்திய விவரமும் உடன் இருத்தல் வேண்டும். பழைய ஸ்லைடுகளை எடுத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் கேட்டுக் குறிப்புகளை நிரப்பிப் படிகளை எடுத்து வைப்பது பள்ளிகளின் பொறுப்பு. சயானில் ஒரு வகுப்பறையில் திரைமீது விழும் ஆண்ட்ரோமீடாவின் ஒளி, 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவைக் கடந்து வந்தது. அவ்வொளி கடைசி ஓர் அங்குலத்தில், பிலிமின் பூச்சில், என்ன மாற்றம் அடைந்தது என்பதையும் சேர்த்துக் கற்பிக்கும்போதே பாடம் நிறைவு பெறும்.